இருநூறு ஏக்கரும் நான்கு நாள் ஈரமும்

கேள்வி:

அஞ்செட்டிப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. அப்பா ராகி, அவரை, கொள்ளு போடுகிறார். நான் ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வார விடுமுறையில்தான் கொல்லைப் பக்கம் போக முடிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்தின்கீழ் எங்கள் உழவர் குழுவில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு அரை ஏக்கரில் மாதிரித் திடல் போட்டோம். கயிறு பிடித்துக் குழி எடுத்து, எரு வைத்து, இளம் நாற்று நட்டோம். ராகி தூர் கட்டிய அழகைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்துபோனார்கள். மகசூலும் பக்கத்துக் கொல்லைகளைவிட நன்றாகவே இருந்தது. திட்டம் முடிந்தது. அடுத்த ஆடியில் இரண்டே பேர்தான் நட்டார்கள். மற்ற பத்துப் பேரும் பழையபடி வீசி விதைத்துவிட்டார்கள்.

இப்போது குழுவில் 80 பேர் இருக்கிறோம். எல்லோருடைய நிலத்தையும் சேர்த்தால் 200 ஏக்கர் வரும். "இதே முறையை 200 ஏக்கருக்கும் கொண்டுபோங்கள், உதவி கிடைக்கும்" என்கிறார்கள். பெரியவர்கள் தயங்குகிறார்கள். எனக்கு நான்கு சந்தேகங்கள். நன்றாக விளைந்த முறையை ஏன் கைவிட்டார்கள்? ஆள் கிடைக்காத ஊரில் எதை முதலில் பரப்புவது? எல்லோருக்கும் பண்ணைக்குட்டை வெட்டிக்கொடுத்தால் வறட்சிக்கு அது தீர்வாகுமா? எல்லாம் செய்து விளைந்தாலும் யானையிடமும் வியாபாரியிடமும் சிக்காமல் தப்புவது எப்படி?

வாசகர், அஞ்செட்டி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்:

உங்கள் குழுப் பெரியவர்களின் தயக்கத்தைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே உங்கள் நான்கு சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஏன் கைவிட்டார்கள்?

நீங்கள் செய்தது கர்நாடகத்தின் ஹாவேரிப் பகுதி உழவர்கள் பல காலமாகச் செய்துவரும் குளி ராகி முறை. நெடுக்கிலும் குறுக்கிலும் சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு சால் ஓட்டி, சால்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கை மக்கிய எரு போட்டு, இரண்டு இளம் நாற்றை வைப்பார்கள். பயிர் சற்று வளர்ந்ததும் அதன்மேல் ஒரு லேசான மரக்கட்டையை மாடு பூட்டி இழுப்பார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு வயிறு எரியும். ஆனால் மடங்கிய பயிர் அடியிலிருந்து புதுத் தூர்களை வெடித்துக்கொண்டு எழும். இடைவெளி தாராளமாக இருப்பதால் வேர் ஆழமாக இறங்கி, இடையில் மழை நின்றுபோனாலும் தாக்குப்பிடிக்கும். உங்கள் திடலில் பயிர் செழித்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 45 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 20,000 குழி. அரை ஏக்கருக்கு 10,000. வீட்டில் நான்கு பேர் சேர்ந்து, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொண்டால் முடித்துவிடலாம். 200 ஏக்கருக்கு 40 லட்சம் குழி! அதையும் மழை பெய்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். உங்கள் பக்கத்துச் செம்மண் தண்ணீரை வேகமாகக் குடிக்கும், அதே வேகத்தில் காய்ந்தும் போகும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு விதைக்கவோ நடவோ மூன்று நான்கு நாட்கள் கிடைத்தால் அதிகம். ஆடிப் பட்டம் தேடி விதை என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பட்டத்தில் கொல்லையில் இறங்க வேண்டிய இளவட்டம் விடியற்காலையிலேயே ஓசூர் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறது. பெண்களும் போகிறார்கள். கொல்லையில் மிஞ்சியிருப்பது உங்கள் அப்பா வயதுக்காரர்கள்.

குழுவில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: திட்டம் நடந்தபோது நாற்று விட்ட செலவையும் நடவுக் கூலியையும் யார் கொடுத்தார்கள்? அது திட்டத்திலிருந்து வந்திருந்தால், பத்துப் பேர் பின்வாங்கியதில் வியப்பில்லை. தொடர்ந்து நட்ட அந்த இரண்டு பேர் வீட்டில் எத்தனை பேர் கொல்லை வேலைக்கு இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவிலும் குழி முறை ஒன்று உண்டு. சாய் என்பது அதன் பெயர். யகூபா சவடோகோ என்ற உழவர் 1980களில் அந்தப் பழைய முறையைச் செம்மைப்படுத்தினார். இறுகிப்போன தரிசில் குழி வெட்டி, எரு நிரப்பி, மழையைத் தேக்கிச் சோளமும் கம்பும் விளைவித்தார். 2018இல் அவருக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. அந்த முறை ஊர் ஊராகப் பரவ முக்கியமான காரணம், குழி வெட்டும் வேலையைக் கோடையில், வேறு வேலை இல்லாத மாதங்களில் செய்துகொள்ள முடிந்ததுதான். இன்னொரு காரணம், அவர் தன் நிலத்திலேயே உழவர்களைக் கூட்டிச் சந்தை போல் நடத்தி, விதையையும் அனுபவத்தையும் மாற்றிக்கொள்ளச் செய்தார். நமக்குக் கோடையிலும் ஆள் இல்லை, ஏனென்றால் கம்பெனிக்குக் கோடை விடுமுறை கிடையாது. ஆனால் அந்தச் சந்தை யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் என் கருத்து இது: குளி ராகியை 200 ஏக்கருக்கும் கொண்டுபோக முயலாதீர்கள். ஆள் பலம் உள்ள வீடுகள் அரை ஏக்கரில் தொடரட்டும். குழுவுக்கு வேண்டிய விதையை அந்தத் திடல்களில் எடுத்துக்கொள்ளலாம். மற்ற நிலங்களுக்குத் தேர்வு செய்யும் முறை எதுவானாலும், அது அந்த நான்கு நாள் ஈரத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள். மானாவாரியில் ஒரு முறையின் வீச்சை ஏக்கரால் அளந்தால் ஏமாந்துபோவோம். ஈரம் இருக்கும் நாளால்தான் அளக்க வேண்டும்.

எதை முதலில் பரப்புவது?

கூடுதல் காசும் கூடுதல் ஆளும் கேட்காதவை முதலில். கருவியைக் கூட்டாக வைத்துக்கொண்டால் நடக்கக்கூடியவை அடுத்து. ஊர் கூடி முடிவெடுத்தால் மட்டுமே பலிப்பவை மூன்றாவதாக.

முதல் வகையில் முதலிடம் கோடை உழவுக்கு. சித்திரை, வைகாசி மழையில் சரிவுக்குக் குறுக்கே ஓர் உழவு. உங்கள் ஊரில் சரிவில்லாத கொல்லை அபூர்வம். சரிவோடு உழுதால் ஒவ்வொரு சாலும் மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஓடும் ஒரு வாய்க்கால். குறுக்கே உழுதால் அதே சால் ஒரு சின்ன வரப்பு. செலவு இரண்டுக்கும் ஒன்றுதான், டிராக்டர்காரரிடம் சொல்லி நிற்பதுதான் பாடு. துண்டு நிலத்தில் திருப்பம் அதிகம் என்று அவர் முணுமுணுப்பார். பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரே நாளில் உழவைப் பேசிக்கொண்டால் அந்த முணுமுணுப்பும் அடங்கும். தமிழ்நாடு அரசு 2016-17இல் தொடங்கிய நீடித்த மானாவாரி வேளாண்மை இயக்கம் ஆயிரம் ஹெக்டேரை ஒரு தொகுப்பாக எடுத்து, கோடை உழவுக்கு ஹெக்டேருக்கு 1,250 ரூபாய் கொடுத்ததும் இந்த எண்ணத்தில்தான். இப்போது என்ன திட்டம் நடப்பில் உள்ளது என்று உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் வந்தால் நல்லது, வராவிட்டாலும் அந்த உழவை விடாதீர்கள்.

இரண்டாவது, விதையைக் கடினப்படுத்துவது. ஒரு கிலோ ராகிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஆறு மணி நேரம் ஊறவிடுங்கள். வடித்து, ஈரத் துணியில் இரண்டு நாள் கட்டி வையுங்கள். முளை வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் தருணத்தில் பிரித்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். முளை நீண்டுவிட்டால் கெட்டுவிடும், அந்த ஒரு இடத்தில்தான் கவனம் வேண்டும். இப்படிச் செய்த விதை மண்ணில் விழுந்ததும் சட்டென முளைக்கும், இடைவறட்சியையும் கூடுதலாகத் தாங்கும். வீட்டில் பெரியவர்களே செய்துவிடக்கூடிய வேலை. செலவு ஒரு வேட்டித் துணி!

மூன்றாவது, ரகம். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிபியு 28 குலைநோயைத் தாங்கும் பெயர்பெற்ற ரகம். எம்எல் 365 வறட்சிக்கும் ஈடுகொடுக்கும். நம் மாவட்டத்திலேயே பையூரில் இருக்கும் மண்டல ஆராய்ச்சி நிலையம் ராகி, சாமை, கொள்ளு மூன்றிலும் ‘பையூர்’ பெயரில் ரகங்கள் கொடுத்திருக்கிறது. அங்கும் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரித்து இரண்டு ரகங்களை மட்டும் எடுங்கள். ராகி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். கலப்பில்லாமல் கதிர் பொறுக்கி வைத்தால் மூன்று நான்கு பருவம் அதே விதையை ஓட்டலாம். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ என்று வைத்தால் 200 ஏக்கருக்கு 800 கிலோ. ஏக்கருக்கு ஆறு குவிண்டால்தான் விளைகிறது என்று குறைத்துக் கணக்கிட்டாலும் இரண்டு ஏக்கர் விதைத் திடல் போதும். ஆடியில் விதை தேடிக் கடைகடையாக அலைய வேண்டியதில்லை.

கருவியைப் பற்றி: வீசி விதைப்பதைவிட வரிசையில் விதைப்பது நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வரிசை இருந்தால் ஒரு அடி இடைவெளியில் சக்கரக் களையெடுப்பானோ பவர் வீடரோ ஓடும். பத்துப் பெண்கள் குனிந்து களைக்கொத்தால் செய்யும் வேலையை இரண்டு பேர் நிமிர்ந்து செய்துவிடலாம். உங்கள் ஊரின் ஆள் தட்டுப்பாட்டுக்கு நடவைவிட இதுவே பொருந்தும். டிராக்டரில் மாட்டும் விதைப்புக் கருவி ஒரு நாளில் சுமாராக எட்டுப் பத்து ஏக்கர் முடிக்கும். துண்டு நிலம், திருப்பம், பழுது எல்லாம் கழித்து நான்கு நாளில் 30 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவியை வைத்துக்கொண்டு 200 ஏக்கருக்குத் திட்டம் போட்டால் 170 ஏக்கர்க்காரர்கள் ஈரம் காய்ந்த பிறகு காத்திருப்பார்கள். காத்திருக்க யாருக்கு மனம் வரும்? கையில் விதையை அள்ளி வீசிவிட்டுப் போவார்கள். அடுத்த ஆண்டு ‘உழவர்கள் புது முறையை ஏற்கவில்லை’ என்று அறிக்கை எழுதப்படும்.

ஆகவே முதல் ஆண்டு ஒரு கருவி, 30 ஏக்கர். இரண்டாம் ஆண்டு வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைப்பதையும் பக்கத்துக் குழுவிடம் இருப்பதையும் சேர்த்து மூன்று கருவி. எந்தக் கொல்லை முதலில், எது பிறகு என்ற வரிசையை மழைக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். மேட்டில் இருக்கும், சீக்கிரம் காயும் நிலத்துக்கு முதலிடம். தலைவர் நிலம் கடைசியாக இருக்கட்டும், அப்போதுதான் வரிசையை எல்லோரும் மதிப்பார்கள்.

மூன்றாவது வகைக்கு வருவோம். எட்டுச் சால் ராகிக்கு இரண்டு சால் துவரை, அந்தத் துவரைச் சால்களுக்கு நடுவே ஆழமாக ஒரு சால் திறந்து மழைநீரைப் பிடிப்பது: பெங்களூரு மானாவாரி ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் முறை இது. உங்கள் அப்பா ராகிக்குள் அவரை போடுவதும் இதே அறிவுதான். ராகி கார்த்திகையில் களத்துக்குப் போன பிறகும் துவரை மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நின்று காய்க்கும். ராகி பொய்த்தாலும் வீட்டுக்கு ஒன்று தேறும். ஆனால் ராகி அறுத்ததும் ஊரில் மாட்டை அவிழ்த்துவிடுவது வழக்கம். நீங்கள் ஒருவர் மட்டும் துவரை போட்டால் அது ஊர் மாட்டுக்குத் தீவனம். ஒரு பக்கம் முழுக்கத் துவரை நின்றால் அந்தப் பக்கம் தை முடியும் வரை மாடு வராது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு எடுக்கலாம். விதையோ மானியமோ இந்த முடிவை வாங்கித் தராது.

பெரிய அளவில் பரப்பியதற்கு உங்கள் எல்லைக்கு அப்பாலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கர்நாடக அரசும் ஹைதராபாத் இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனமும் 2009இல் தொடங்கிய பூசேதனா திட்டம் கோலார், சிக்கபள்ளாப்பூர், ஹாவேரி உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தது. அதன் அடிப்படை எளிமையானது. மண்ணைச் சோதித்தார்கள். மானாவாரி நிலங்களில் தழை, மணிச் சத்தோடு கந்தகம், துத்தநாகம், போரான் குறைவும் பரவலாக இருப்பது தெரிந்தது. ஜிப்சம், துத்தநாக சல்பேட், போராக்ஸ் மூன்றையும் மண்ணுக்கேற்ற அளவில் மானிய விலைக்குக் கொடுத்தார்கள். தண்ணீர் பற்றாத மண்ணில் இருக்கிற தண்ணீரைப் பயிர் முழுதாகப் பயன்படுத்தவும் சத்து வேண்டும், அதுதான் இதில் உள்ள சூட்சுமம். பரவலுக்கு உதவியவை வேறு இரண்டு ஏற்பாடுகள்: இடுபொருள் மழைக்கு முன்பே ஊர்ப்பக்கத்து மையத்துக்கு வந்துசேர்ந்தது, உழவர்களிலிருந்தே ஒருவரைப் பருவத்துக்கு ஊதியம் கொடுத்து வீடுவீடாகப் போய்ச் சொல்ல வைத்தார்கள். எந்தச் சத்து குறைவு என்பதைச் சுவரில் எழுதி வைத்தார்கள். கோலார்ச் செம்மண்ணும் உங்கள் செம்மண்ணும் பெரும்பாலும் ஒரே குணம். என்றாலும் கோலாருக்குச் சொன்ன அளவை அப்படியே போடாதீர்கள். பத்துக் கொல்லை மண்ணையாவது சோதனைக்குக் கொடுத்து, அதன்படி போடுங்கள். நுண்சத்துகளையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லோருக்கும் பண்ணைக்குட்டையா?

கர்நாடகம் 2014இல் கிருஷி பாக்யா திட்டத்தில் மானாவாரி நிலங்களில் ஏராளமான குட்டைகள் வெட்டியது. நம் பக்கமும் வெட்டுகிறார்கள். குட்டை நல்லதுதான், அதனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து வெட்டினால்.

மேலே 12 மீட்டருக்கு 12 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்று என்று வெட்டினால் அடித்தளம் 8 மீட்டருக்கு 8 மீட்டர் வரும். கொள்ளளவு சுமார் 2 லட்சம் லிட்டர். பார்க்கப் பெரிய கடல் மாதிரி இருக்கும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க 4,047 லிட்டர் வேண்டும். தவித்து நிற்கும் ராகிக்கு 20 மில்லிமீட்டர் கொடுப்பதென்றால் ஏக்கருக்கு 81,000 லிட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 43,000 லிட்டர் வெயிலுக்குப் போய்விடும். மிச்சத்தில் ஒரு ஏக்கருக்கு இரண்டு தண்ணீர் விடலாம், அவ்வளவுதான். அதுவும் அடியில் தார்ப்பாய் விரித்திருந்தால். செம்மண்ணில் விரிப்பில்லாமல் வெட்டிய குட்டை நிலத்தடி நீரை உயர்த்தும், பயிருக்கு உயிர்த்தண்ணீர் தராது.

வெட்டிய குட்டை நிரம்ப வேண்டாமா? மழையில் பத்தில் ஒரு பங்கு ஓடிவரும் என்று வைத்தால், 250 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு ஏக்கரிலிருந்து ஒரு லட்சம் லிட்டர் வரும். ஒரு குட்டைக்கு மேல்புறம் இரண்டு ஏக்கராவது வேண்டும். குறுக்கே உழுது நீங்கள் தண்ணீரை நிலத்திலேயே நிறுத்திவிட்டால் ஓடிவருவது இன்னும் குறையும். இந்தக் கணக்கின்படி 80 பேருக்கும் குட்டை என்பது ஆகாத காரியம். மேல்புறப் பாறை, தடம், வண்டிப்பாதை ஆகியவற்றிலிருந்து தண்ணீர் தானாக வழியும் இடங்களைப் பாருங்கள். உங்கள் 200 ஏக்கரில் அப்படி எட்டுப் பத்து இடம் தேறும். அங்கே வெட்டுங்கள். அந்தத் தண்ணீரை முதலில் விதைத் திடலுக்கும், நாற்றங்காலுக்கும், கொஞ்சம் காய்கறிக்கும் ஒதுக்குங்கள். சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகளுக்குச் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியம் தமிழ்நாட்டில் உண்டு. கிணறோ குட்டையோ இல்லாமல் குழாய் மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை.

தார்ப்பாய் விரித்த குட்டை வழுக்கும். குழந்தையோ கன்றுக்குட்டியோ விழுந்தால் ஏற முடியாது. சுற்றி வேலியும், உள்ளே முடிச்சுப் போட்ட கயிறும் கட்டாயம். காட்டை ஒட்டிய நிலத்தில் குட்டை வேண்டாம். தண்ணீரும் ராகியும் ஒரே இடத்தில் இருந்தால் யானைக்கு நீங்களே வழி காட்டியது போலாகும்.

யானையும் விலையும்

உங்கள் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய பூமி. 2014இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வரும் யானைகள் ராகி முற்றும் ஐப்பசி முதல் மார்கழி வரை தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காட்டோரங்களைச் சுற்றுவது ஆண்டுதோறும் நடப்பது. பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருப்பது, பகலில் அறுப்பது என்று அப்பாக்கள் படும் பாடு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதற்குச் சாகுபடியில் தனியாகத் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, ஆனால் வரிசை விதைப்பும் ஒரே ரகமும் இங்கேயும் உதவும். பக்கம் பக்கமாக உள்ள 30 ஏக்கரில் ஒரே வாரத்தில் விதைத்தால் ஒரே வாரத்தில் முற்றும். காவல் காக்கும் இரவுகள் குறையும், முறை போட்டுக் காக்க ஆளும் சேரும். ஆளுக்கொரு தேதியில் விதைத்தால் கடைசியாக நிற்கும் கொல்லைமேல் மொத்தக் கூட்டமும் இறங்கும். சேதமானால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் வனத்துறை அலுவலகத்திலும் மனு கொடுங்கள். தாமதித்தால் சேதத்தை நிரூபிப்பது கஷ்டம்.

அறுத்த பிறகு ராகிக் கதிரைத் தார்ச் சாலையில் பரப்பி, வண்டிகளை ஏறவிட்டுப் போரடிப்பதை உங்கள் பக்கம் பார்த்திருப்பீர்கள். இரவில் இருசக்கர வண்டிக்காரர் வழுக்கி விழுவது ஒரு பக்கம். கல்லும் மண்ணும் சேர்ந்த ராகியை வியாபாரி கையில் அள்ளிப் பார்த்ததும் விலையை இறக்குவது இன்னொரு பக்கம். குழுவுக்கு முதலில் வாங்க வேண்டிய பெரிய இயந்திரம் எது என்று கேட்டால் விதைப்புக் கருவிக்கு அடுத்ததாகக் கதிரடிக்கும் இயந்திரத்தைத்தான் சொல்வேன். சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால்தான் அரசுக் கொள்முதலிலும் எடுப்பார்கள். 2025-26 பருவத்துக்கு ராகிக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், முந்தைய ஆண்டில் 4,290. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ராகியை நேரடியாகக் கொள்முதல் செய்யும் ஏற்பாடும், 2023 முதல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கும் ஏற்பாடும் வந்தன. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே பட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தோடு பதிவை முடித்துவிடுங்கள். விலை இருந்தும் பதிவில்லாமல் தரகரிடம் கொடுப்பவர்கள் நிறைய.

ராகிக்கு இருப்பதுபோல் சாமைக்கு ஆதரவு விலை கிடையாது. சாமையின் சிக்கல் வேறு இடத்தில், உமியில் இருக்கிறது. உரலில் இடிக்கும் பாடு தாங்காமல்தான் பல வீடுகள் சாமையை விட்டு ரேஷன் அரிசிக்கு மாறின. 2011இல் தொடங்கி மதுரை தானம் அறக்கட்டளையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடா, நேபாளம், இலங்கை நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திய சிறுதானிய ஆய்வுத் திட்டத்தில் அஞ்செட்டியும் ஜவ்வாது மலையும் களங்களாக இருந்தன. ரகத்தையும் சாகுபடியையும் உழவர்களோடு சேர்ந்து சோதித்ததுடன், உமி நீக்கும் சிறிய இயந்திரங்களையும் அவர்கள் கையிலெடுத்தார்கள். கொல்லையில் ஆரம்பித்த கேள்வி கடைசியில் மாவு மில்லில் போய் நிற்கிறது என்பதை அந்த அணுகுமுறை நன்றாகக் காட்டுகிறது. சாமைப் பரப்பைக் கூட்ட நினைத்தால் முதலில் நடந்துபோகும் தூரத்தில் ஓர் உமி நீக்கும் இயந்திரத்துக்கு வழி பாருங்கள். உமி நீக்கிய சாமை அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி, ஓசூரில் கம்பெனிக் குடியிருப்புகளுக்கு நேரடியாகக் கொடுங்கள். இந்த வேலைக்கு உங்களைப் போல் வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் இருப்பவர்தான் சரியான ஆள். கம்பெனி பஸ்ஸில் போன இளவட்டத்தைக் கொல்லைக்குத் திருப்ப முடியாவிட்டாலும், அவர்களைக் கொல்லையின் வாடிக்கையாளராக்க முடியும்.

அடுத்த கூட்டத்தில் என்ன முடிவெடுப்பது?

200 ஏக்கருக்கான உதவியை ஒரேயடியாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். மூன்று ஆண்டுத் திட்டமாக எழுதிக் கொடுங்கள்: 30, பிறகு 90, பிறகு மிச்சம். கருவியும் விதையும் தயாராகும் வேகத்தில் பரப்பு கூடட்டும். முதல் ஆண்டில் குறுக்கு உழவு, கடினப்படுத்திய விதை, வரிசை விதைப்பு, சக்கரக் களையெடுப்பான், துவரைச் சால் ஆகிய ஐந்து போதும். தரும் உதவியை நடவுக் கூலியாகத் தராமல் கருவி, கதிரடி இயந்திரம், மண் சோதனை, பருவத்துக்கு ஓர் ஊர்த் தொண்டருக்கு ஊதியம் ஆகியவற்றுக்குத் தரச் சொல்லுங்கள். கூலியைத் திட்டம் கொடுத்தால் திட்டத்தோடு முறையும் போய்விடும். புரட்டாசியில் பயிர் நிற்கும்போது பக்கத்து ஊர்களான உரிகம், நாட்றாம்பாளையம், தக்கட்டி உழவர்களைக் கொல்லைக்கே அழைத்து விதை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கொல்லைக்கும் விதைத்த தேதி, அதற்கு முந்தைய மழையின் தேதி, களைக்கு ஆன ஆள், விளைந்த மூட்டை, விற்ற விலை ஆகியவற்றை எழுதுங்கள். நல்ல மழை ஆண்டின் மகசூலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அந்த ஆண்டில் எந்த முறையும் விளையும். மழை ஏமாற்றிய ஆண்டில் குழுவில் எத்தனை வீடுகளுக்கு அடுத்த விதைப்புக்கான விதையும், சாப்பாட்டுக்கு ராகியும், மாட்டுக்குத் தட்டையும் மிஞ்சின என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை கூடினால் அடுத்த 60 ஏக்கருக்குப் போங்கள். கூடவில்லையென்றால் ஐந்தில் எது தவறியது என்று பார்த்துச் சரிசெய்யாமல் ஒரு ஏக்கர்கூடக் கூட்ட வேண்டாம்.